அழுத்த வளைகோடு பொருந்தினால் போதுமா? சிறு டீசல் எஞ்சினின் எரிதலைக் கணினியில் கணக்கிடுவது பற்றி

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் எந்திரவியல் துறையின் எஞ்சின் ஆய்வகத்துக்குள் நுழைந்தால், கிர்லோஸ்கர் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று, எஞ்சினின் திறனை அளக்கும் டைனமோமீட்டருடன் இணைக்கப்பட்டு நிற்பதைப் பெரும்பாலும் காணலாம். கிணற்றடிப் பம்ப்செட்டிலும் சிறிய ஜெனரேட்டரிலும் ஓடுகிற அதே இனத்து எஞ்சின் அது. ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் இடம்பெறும் டி.வி.1 வகையில் சிலிண்டரின் உள்விட்டம் 87.5 மி.மீ., பிஸ்டன் வீச்சு 110 மி.மீ., அமுக்க விகிதம் (உள்ளே வந்த காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) 17.5, நிமிடத்துக்கு 1500 சுற்றில் அது 5.2 கிலோவாட் திறன் தருகிறது. இந்தியாவில் டீசல் எரிதலைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் மாணவர்களில் பலர் முதன்முதலாகக் கையிலெடுப்பது இந்த எஞ்சினைத்தான். எளிமையான எஞ்சின் என்பதால் அதன் கணக்கும் எளிமையாகவே இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். உண்மை நிலை ஏறக்குறைய நேர்மாறானது.

முதலில் அளவுகளை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. 1500 சுற்றில் கிராங்க் தண்டு ஒரு பாகை திரும்ப 0.11 மில்லிவினாடி ஆகிறது. முழுச் சுமையில் ஒரு சுழற்சிக்கு உள்ளே தெளிக்கப்படும் டீசல் ஏறத்தாழ 30 மில்லிகிராம்; கண் மருந்துச் சொட்டு ஒன்றைவிடக் குறைவு. அந்த 30 மில்லிகிராம் 20 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக உடைந்தால் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட துளிகள் கிடைக்கும். அவை ஆவியாகி, காற்றோடு கலந்து, தாமாகவே பற்றி, எரிந்து முடிவதெல்லாம் நாற்பது ஐம்பது பாகைக்குள், அதாவது ஐந்து மில்லிவினாடி அளவில் நடந்தேறிவிடுகிறது.

இத்தனையையும் அடிப்படை இயற்பியல் விதிகளிலிருந்து நேரடியாகக் கணக்கிடும் கணினி இன்றும் அன்றாடப் பயன்பாட்டில் இல்லை. வழக்கமான கணக்குகளில் எரியறையை அரை மில்லிமீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையான நாசிலின் துளையோ 0.3 மி.மீ. அளவுதான். கட்டத்தைவிடச் சிறிய அளவில் நடக்கும் எதையும் கணினி பார்ப்பதில்லை. அந்த இடைவெளியை ‘மாதிரிகள்’ எனப்படும் சமன்பாடுகளைக் கொண்டு நிரப்புகிறோம். ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றிரண்டு மாறிலிகள் இருக்கின்றன. கிராங்க் கோணத்துக்கேற்பச் சிலிண்டருக்குள் அழுத்தம் மாறுவதைக் காட்டும் அழுத்த வளைகோடு கணக்கிலும் அளவீட்டிலும் ஒன்றாக வரும்படி அந்த மாறிலிகளுக்கு எந்த மதிப்பைக் கொடுப்பது என்பதே டியூனிங் எனப்படும் வேலை.

இந்தத் துறையின் வழக்கங்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம் 1985-இல் வெளியிட்ட ‘கிவா’ என்ற நிரலிலிருந்து வந்தது. நியூ மெக்சிகோப் பகுதியின் பழங்குடி மக்கள் நிலத்துக்கடியில் அமைக்கும் வட்டமான சடங்கு அறைக்குக் கிவா என்று பெயர். கூரையிலுள்ள திறப்பின் வழியே உள்ளே இறங்க வேண்டும். மேலே வால்வு வைத்த சிலிண்டருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எஞ்சின் ஆய்வு மையத்தில் இந்நிரலோடு பல துணை மாதிரிகள் சேர்க்கப்பட்டன. இன்று சந்தையில் உள்ள மென்பொருள்கள் பலவற்றிலும் அதே மாதிரிகளைக் காணலாம்.

அவற்றுள் மாணவர்கள் முதலில் கைவைப்பது துளிகள் உடைவதற்கான மாதிரி. எஞ்சின் ஆய்வாளர் ரால்ஃப் ரைட்ஸ் 1987-இல் வெளியிட்ட அலை மாதிரியின்படி, வேகமாகப் பாயும் எரிபொருளின் மேற்பரப்பில் அலைகள் வளர்ந்து, சிறு துளிகளைச் சீவி எறிகின்றன. அது எவ்வளவு நேரத்தில் நடக்கும் என்பதை ஒரு மாறிலி தீர்மானிக்கிறது. அதன் மதிப்பு 1.73-இலிருந்து 60 வரை ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு வந்திருக்கிறது. நாசிலின் உட்புறத்தில் பாய்வு எவ்வளவு கொந்தளிப்போடு வெளியேறுகிறது, அங்கே நீராவிக் குமிழிபோல் எரிபொருள் ஆவிக் குமிழிகள் தோன்றுகின்றனவா என்பன போன்ற, நாம் கணக்கிடாமல் விட்ட செய்திகள் அனைத்தும் அந்த ஓர் எண்ணுக்குள் அடைக்கப்பட்டிருப்பதால்தான் இத்தனை பெரிய வேறுபாடு. மாறிலியைக் கூட்டினால் துளிகள் மெதுவாக உடையும், தெளிப்பு நெடுந்தூரம் பாயும், ஆவியாதல் தாமதமாகும். குறைத்தால் இவையெல்லாம் தலைகீழாகும். இதற்கும் மேலாக, கட்டத்தின் அளவை மாற்றினாலே தெளிப்பு பாயும் தூரம் மாறிவிடுவது இவ்வகைக் கணக்குகளின் நெடுநாள் குறைபாடு. ஆகவே ஒரு கட்ட அளவில் கண்டறிந்த மாறிலியை வேறொரு கட்ட அளவுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

தெளிப்பு மாதிரியைச் சோதிக்க நல்ல அளவீடுகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தை மையமாகக் கொண்ட எஞ்சின் எரிதல் வலையமைப்பு, ‘ஸ்பிரே ஏ’ என்ற பெயரில் ஒரே நிலைமையைப் பல நாட்டு ஆய்வகங்களும் அளக்கும்படி செய்தது: 900 கெல்வின் வெப்பநிலை, கன மீட்டருக்கு 22.8 கிலோ வாயு அடர்த்தி, 1500 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) தெளிப்பு அழுத்தம், 0.09 மி.மீ. துளை. அந்நிலைமையில் திரவமாகவே எரிபொருள் பாயும் தூரம் 10 மி.மீ. அளவில் நின்றுவிடுகிறது. நவீன கார் எஞ்சின்களுக்கு நெருக்கமான நிலைமை இது. நம் பம்ப்செட் எஞ்சினோ வேறு உலகம். அதன் இன்ஜெக்டர் திறப்பதே 200 பார் அளவில்தான்; துளையின் விட்டம் மூன்று மடங்குக்கும் மேல். திரவம் பாயும் தூரம் துளை விட்டத்துக்கு நேர் விகிதத்தில் வளரும் என்பது சாண்டியாவின் அளவீடுகளிலேயே நிறுவப்பட்ட செய்தி. அக்கணக்கின்படி இங்கே திரவம் 30 மி.மீ.க்கு மேல் பாய வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அரைக்கோளக் கிண்ணத்தின் ஆரமோ ஏறத்தாழ 25 மி.மீ.தான். எனவே எரிபொருளின் ஒரு பகுதி திரவமாகவே கிண்ணத்தின் சுவரில் போய் மோதும் என்று எதிர்பார்க்கலாம். அது அங்கே மெல்லிய படலமாகப் படிந்து, சுவரின் வெப்பத்தால் மெதுவாக ஆவியாகும். கணக்கில் சுவர்ப் படலத்துக்குத் தனி மாதிரி, அதற்குத் தனி மாறிலிகள், கூடவே யாரும் அளந்திராத சுவர் வெப்பநிலை என்று சிக்கல் வளர்கிறது. பெரிய லாரி எஞ்சினில் தெளிப்புக்குக் கிடைக்கும் இடம் இந்தச் சிறிய கிண்ணத்தில் இல்லை என்பதே சிறு எஞ்சின்களின் முதல் கடினம்.

இரண்டாவது கடினம் வடிவத்தில் இருக்கிறது. மூன்று துளை நாசில் என்றால் எரியறையில் மூன்றிலொரு பங்கை மட்டும், அதாவது 120 பாகைத் துண்டை மட்டும் கணக்கிட்டு நேரத்தை மிச்சப்படுத்துவது வழக்கம். தெளிப்புகள் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும் என்ற எண்ணத்தின் மீது இந்தச் சிக்கனம் நிற்கிறது. ஆனால் இரண்டே வால்வு கொண்ட சிறு எஞ்சின்களில் இன்ஜெக்டருக்கு நடுவில் இடம் கிடைப்பதில்லை. அதைச் சாய்த்தும் தள்ளியும் பொருத்துகிறார்கள். ஒரு தெளிப்பு சுவரை முந்தியே தொட, மற்றொன்று பிந்தித் தொடுகிறது. துண்டுக் கணக்கில் இந்த வேறுபாடு மறைந்துபோகும். மறைந்துபோனதன் விளைவை ஏதோ ஒரு மாறிலி சுமக்க நேரும்.

இவ்வாறு ஒரு பிழையை வேறொரு மாறிலி சுமப்பதுதான் இந்த வேலையின் மையச் சிக்கல் என்று நான் கருதுகிறேன். அதைத் தவிர்க்க ஒரே வழி, அளக்கக்கூடியதை அளந்து முடித்த பிறகே மாறிலியைத் தொடுவது. அதற்கொரு வரிசை உண்டு.

வரிசையில் முதலில் வருவது எரிபொருள் தெளிக்காமல், மோட்டாரால் எஞ்சினைச் சுழற்றி எடுக்கும் அழுத்த வளைகோடு. எரிதலே இல்லாத இந்த வளைகோட்டில் அமுக்க விகிதம், உள்ளே அடைபட்ட காற்றின் அளவு, சுவருக்குப் போகும் வெப்பம், பிஸ்டன் ரிங்குகளின் வழியே கசியும் காற்று ஆகியவை மட்டுமே இருக்கின்றன. பட்டியலில் 17.5 என்று அச்சாகியிருக்கும் அமுக்க விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்வது பெருந்தவறு. சிலிண்டரின் வீச்சுக் கொள்ளளவு 661.5 கன செ.மீ.; அதை, அமுக்க விகிதத்தில் ஒன்று குறைத்து, 16.5-ஆல் வகுத்தால், பிஸ்டன் உச்சத்தில் நிற்கும்போது எஞ்சும் இடம் வெறும் 40 கன செ.மீ. சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட்டின் தடிமன் 0.1 மி.மீ. கூடினால் அதோடு 0.6 கன செ.மீ. சேர்கிறது, அமுக்க விகிதம் 17.25 ஆகிறது, அமுக்க முடிவில் அழுத்தம் ஏறத்தாழ 2 விழுக்காடு, அதாவது ஒரு பார் அளவுக்குக் குறைகிறது. மெக்கானிக்குகள் இதை ஈயக் கம்பியால் அளப்பார்கள்: பிஸ்டன் தலையில் சிறு ஈயத் துண்டுகளை வைத்து, ஹெட்டை உரிய இறுக்கத்தில் முடுக்கி, ஃபிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றி நசுங்கிய ஈயத்தின் தடிமனை மைக்ரோமீட்டரில் பார்ப்பார்கள். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விட்டவர் வாரக்கணக்கில் வெப்ப இழப்பு மாறிலியைத் திருகிக்கொண்டிருப்பார்.

இதே வளைகோடு வேறொரு செய்தியையும் சொல்கிறது. வெப்ப இழப்பும் கசிவும் இருப்பதால், அழுத்தம் உச்சத்தை எட்டுவது பிஸ்டன் உச்சியை, பட்டறைப் பேச்சில் சொன்னால் டி.டி.சி.யை, அடைவதற்குச் சற்று முன்பே. அந்த இடைவெளி ஒரு பாகைக்கும் குறைவாக இருக்கலாம். அழுத்தத்தின் உச்சத்தையே டி.டி.சி. என்று குறித்துக்கொண்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு கணக்கும் அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் பீசோ மின் உணரி அழுத்த மாற்றத்தை மட்டுமே காட்டும், முழு அழுத்தத்தைக் காட்டாது என்பதால், உறிஞ்சும் வீச்சின் முடிவில் காற்று நுழையும் உட்குழாயின் அழுத்தத்தோடு அதைப் பொருத்திக்கொள்வதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தெளிப்பு தொடங்கும் நேரம். சிறு எஞ்சின் கணக்குகளில் மிக அதிகமாகத் தவறு நேர்வது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டி.வி.1 எஞ்சினின் தெளிப்பு நேரம் டி.டி.சி.க்கு 23 பாகை முன்பு என்று பட்டியல் சொல்கிறது. அது எப்படி அளக்கப்பட்ட எண்? பம்பின் டெலிவரி முனையிலிருந்து ஹை பிரஷர் பைப்பைக் கழற்றிவிட்டு, ஃபிளைவீலை மெதுவாகத் திருப்பினால், அந்த முனையில் டீசல் அசையத் தொடங்கும் கோணம் ஒன்று உண்டு. அந்தக் கோணமே 23 பாகை. அது எஞ்சின் நின்ற நிலையில், பம்பின் முனையில் அளந்த எண். ஓடும் எஞ்சினில் பம்பில் எழும் அழுத்தம் அலையாகப் பயணம் செய்து இன்ஜெக்டரை அடைய வேண்டும். டீசலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1350 மீட்டர் அளவில் இருக்கும். பைப்பின் நீளம் 60 செ.மீ. என்றால் பயண நேரம் 0.44 மில்லிவினாடி. 1500 சுற்றில் அது நான்கு பாகை. பைப்பிலும் நாசிலிலும் உள்ள எரிபொருள் அமுங்கி, நாசிலை அடைத்திருக்கும் ஊசியைத் தூக்கும் அழுத்தத்தை எட்டுவதற்கான நேரம் இதில் சேரவில்லை. ஆகவே சிலிண்டருக்குள் முதல் துளி நுழைவது 19 பாகையிலோ அதற்கும் பிந்தியோதான்.

கணினிக்கு 23 என்றே கொடுத்தவர் என்ன காண்பார்? அவருடைய கணக்கில் எரிதல் சில பாகைகள் முந்தித் தொடங்கும். அளவீட்டோடு பொருத்துவதற்காக அவர் வேதிவினையின் வேகத்தைக் குறைப்பார், துளிகளையும் பெரிதாக்குவார். இப்போது பற்றும் கோணம் பொருந்திவிடும். ஆனால் எரிபொருள் உள்ளே நுழைந்து பற்றுவதற்கு இடைப்பட்ட காலம் அரை மில்லிவினாடி அளவுக்குச் செயற்கையாக நீண்டுவிட்டது. அந்த நேரத்தில் கூடுதல் டீசல் காற்றோடு கலந்து காத்திருக்கும். பற்றியவுடன் எல்லாம் ஒருசேர வெடித்தெரிந்து, அழுத்தம் அளவீட்டைவிடச் செங்குத்தாக ஏறும். அதைத் தணிக்க, கலப்பு வேகத்துக்கான மாறிலியைக் குறைப்பார். பிறகு எரிதலின் பிற்பகுதி மந்தமாகிவிடும். அதற்குச் சுவர் வெப்ப இழப்பைக் குறைப்பார். கடைசியில் வளைகோடு அளவீட்டின் மேல் படிந்துவிடும். நான்கு மாறிலிகள் நகர்ந்திருக்கின்றன. நான்குமே தவறான இடத்தில் நிற்கின்றன. தவறாக இருந்ததோ ஐந்தாவதான ஓர் எண். சுமையையோ வேகத்தையோ மாற்றியவுடன் இந்தக் கட்டுமானம் சரிந்துவிடும், ஏனெனில் பைப்பின் தாமதம் மில்லிவினாடியில் மாறாமல் இருப்பதால் பாகைக் கணக்கில் அது வேகத்தோடு கூடிக்கொண்டே போகும்.

நுழையும் நேரம் மட்டுமன்று, நுழையும் விதமும் முக்கியம். எல்லா இன்ஜெக்டர்களும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் பெறும் காமன் ரெயில் அமைப்பில் தெளிப்பு வீதம் ஏறக்குறையச் செவ்வக வடிவில் இருக்கும் என்று கொள்ளலாம். கேமும் பிளஞ்சரும் ஓட்டும் பழைய பம்பில் அழுத்தம் படிப்படியாக ஏறும், ஊசி தயங்கி எழும், முடிவில் அலை திரும்பிவந்து சில வேளை இரண்டாவது சிறு தெளிப்பையும் உண்டாக்கும். நீண்ட குழாய்க்குள் தெளித்து, அதில் எழும் அழுத்தத்திலிருந்து வீதத்தைக் கண்டறியும் பாஷ் முறை 1966 முதல் அறியப்பட்டது. ஊசி எழுவதைக் காட்டும் சிறு உணரியும் பைப்பின் முனையில் ஓர் அழுத்த உணரியும் இருந்தால்கூட ஓரளவு போதும். இவை இரண்டும் இல்லாமல் செய்யப்படும் டியூனிங்கை நான் நம்பத் தயங்குவேன்.

இதன்பிறகே வேதியியலின் முறை வருகிறது. டீசலில் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் இருப்பதால், பற்றும் இயல்பில் அதற்கு நெருக்கமான ஹெப்டேனைப் பதிலியாக வைத்துக் கணக்கிடுவது வழக்கம். ஹெப்டேனுக்கு லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் உருவாக்கிய விரிவான வினைத்தொகுதியில் ஏறத்தாழ 560 வேதிப்பொருள்களும் 2500 வினைகளும் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் அதைத் தீர்ப்பது பெருஞ்செலவு என்பதால் 29 பொருள், 52 வினை அளவுக்குச் சுருக்கிய தொகுதிகள் பயன்பாட்டுக்கு வந்தன. சுருக்கும்போதே சில வினைகளின் வேகம் பற்றும் நேரத்துக்குப் பொருந்தும்படி திருத்தப்பட்டிருக்கும். எனவே அதைப் பயன்படுத்துபவர் அறியாமலே ஒரு டியூனிங் உள்ளே புகுந்திருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பொருத்தத்தை எதில் பார்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். அழுத்தம் என்பது அதுவரை வெளியான வெப்பம் அனைத்தும் சேர்ந்த விளைவு. கூட்டுத்தொகையில் சிறு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துவிடும். அழுத்த வளைகோடு அழகாகப் பொருந்திய கணக்கிலும், வெப்ப வெளியீட்டு வீதத்தை எடுத்துப் பார்த்தால், முதல் ஐந்தாறு பாகையில் எழும் கூர்மையான உச்சி இரு மடங்காக நிற்பதைக் காண முடியும். அளவீட்டிலிருந்து இந்த வீதத்தைப் பெற அழுத்தத்தை வகையிட வேண்டியிருப்பதால் இரைச்சல் பெரிதாகத் தெரியும். நூறு சுழற்சிகளின் சராசரியை எடுப்பதும், கோணத்தை ஒரு பாகைக்குள் பல பங்காகப் பிரித்து அளப்பதும் இதற்காகவே. இந்த உழைப்பைத் தவிர்க்கக் கூடாது.

புகைக்குழாயில் வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடும் கரியும் இன்னும் கண்டிப்பான தேர்வாளர்கள். உயர் வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்வதை விவரிக்கும் செல்டோவிச் வினைவழியின்படி நைட்ரிக் ஆக்சைடு உருவாகும் தொடக்க வேகம் 2500 கெல்வினிலிருந்து 2600-க்குப் போனாலே ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. வெப்பநிலையில் 4 விழுக்காட்டுப் பிழை விடையை மும்மடங்காக்கும் இடத்தில், எல்லாவற்றையும் ஓர் எண்ணால் பெருக்கி அளவீட்டோடு பொருத்திக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரே பெருக்கெண் எல்லாச் சுமைகளுக்கும் பொருந்துமானால் அதை ஏற்கலாம். சுமைக்கு ஒன்றாக மாறுமானால் வெப்பநிலைக் கணக்கே பிழையானது என்று பொருள். கரியின் நிலை இதைவிடக் கடினம். உருவாகும் கரியில் பெரும்பகுதி சிலிண்டருக்குள்ளேயே எரிந்துவிடுகிறது. நூறில் 95 பங்கு எரிந்தால் எஞ்சுவது 5. 96 பங்கு எரிந்தால் எஞ்சுவது 4. எரியும் அளவில் ஒரே ஒரு பங்கு பிசகினால் விடை ஐந்திலொரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆகவே கரியின் அளவைச் சரியாகச் சொல்லும் கணக்கை நான் எதிர்பார்ப்பதில்லை. தெளிப்பு நேரத்தை மாற்றும்போது கரி கூடுமா குறையுமா என்பதைச் சரியாகச் சொன்னால் அதுவே பெரிது.

மாறிலிகளைத் தேடும் வேலையை இப்போது நல்ல விடைகளைக் கலந்து அவற்றினும் நல்லதைத் தேடும் மரபணு நெறிமுறை போன்ற தானியங்கித் தேடல்களிடம் விட்டுவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான சேர்க்கைகளை அவை சலிக்காமல் ஓட்டிப் பார்க்கும் என்பது உண்மையே. ஆனால் அவற்றுக்குக் கொடுத்த இலக்கு அழுத்த வளைகோடு ஒன்று மட்டுமாக இருந்தால், மேலே சொன்ன நான்கு மாறிலித் தவறை மனிதரைவிட விரைவாகச் செய்துமுடிக்கும். முழுச் சுமையிலும் பாதிச் சுமையிலும் பொருத்திவிட்டு, கால் சுமையையும், தெளிப்பு நேரத்தை மூன்று பாகை தள்ளி எடுத்த அளவீட்டையும் கணினிக்குக் காட்டாமல் எடுத்துவைத்துக் கடைசியில் சோதிப்பதே நேர்மையான முறை.

இதன் தேவை உயிரி டீசல் ஆய்வுகளில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. புங்கம், காட்டாமணக்கு எண்ணெய்களிலிருந்து தயாரித்த உயிரி டீசலை இந்த எஞ்சின்களில் ஓட்டிப் பார்க்கும் ஆய்வுகள் நம் கல்லூரிகளில் நிறையவே நடந்திருக்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடு கூடுவதாகப் பல அளவீடுகள் காட்டின. கணினியில் எரிபொருளின் வேதியியலை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் கூடுதலை விளக்க முயல்பவர் ஒன்றைத் தவறவிடுகிறார். உயிரி டீசல் டீசலைவிட அமுங்காத் தன்மை மிக்கது. அதில் ஒலி வேகமாகச் செல்லும். அதனால் இந்தப் பழைய பம்பு அமைப்பில் ஊசி சற்று முந்தியே எழுகிறது, எரிதலும் முந்துகிறது. பம்பு டைமிங்கை யாரும் தொடவில்லை என்பதால் இரண்டு எரிபொருளுக்கும் ஒரே தெளிப்பு நேரத்தைக் கணினிக்குக் கொடுத்திருப்பார்கள். நகர்ந்திருப்பது ஒரு பாகையோ அதற்கும் குறைவோ ஆக இருக்கலாம். ஊசியில் ஓர் உணரியை வைத்து இரண்டு எரிபொருளையும் மாற்றி மாற்றி ஓட்டினால் அது திரையிலேயே தெரியும்.